முன்டயரே முக்காலி

அறுபது ஆண்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு கராஜிலேயே பிரித்து, திருத்தி, மறுபடி பூட்டுகிறார்கள் இங்கிலாந்துக்காரர்கள். அந்தக் காரின் அண்ணன் நம் வண்டலூரில் வளர்ந்தவர்.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் பானெட்டைத் திறக்கும் முன் கராஜில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சினுக்கு மேலே இருக்கும் மூடி மட்டும்தான் தூக்கும். இதில் இரண்டு மட்கார்டு, இரண்டு ஹெட்லைட், மூக்கு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் மூக்கு இடித்துப் பெயின்ட் போகும். திறந்துவிட்டாலோ அப்புறம் மறைவு என்று ஒன்று கிடையாது. எஞ்சின், கார்புரேட்டர், ஸ்டீயரிங், முன்சக்கரத்து ஸ்பிரிங் எல்லாம் இலையில் பரிமாறியதுபோல எதிரே இருக்கும். முதுகு ஒடியக் குனிய வேண்டியதில்லை. முன்டயரின் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு கையில் ஸ்பானர், எட்டும் தூரத்தில் டீ.

இந்தக் காரை வைத்திருப்பவர்களால் அதைச் சும்மா விடவே முடியாததற்கு அந்த உட்காரும் வசதிதான் பாதிக் காரணம் என்பது என் கட்சி. கைக்கு எட்டுவதை மனிதன் தொடாமல் இருந்ததில்லை.

கராஜ் என்றதும் பெரிய பட்டறையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பிரிட்டனில் பழைய வீடுகளோடு ஒட்டிக் கட்டிய கராஜ், ஒரு சின்னக் காரை நுழைத்துக் கதவைத் திறந்து உடம்பைச் சுருக்கி வெளியே வரும் அளவுக்குத்தான் இருக்கும். இன்றைய கார்கள் பலவற்றுக்கு அது போதாது. அதனால் சைக்கிள், பழைய ஃப்ரீசர், பாதி தீர்ந்த பெயின்ட் டப்பாக்கள் என்று நிரம்பிக் கிடக்கும். ஸ்பிட்ஃபயருக்கு மட்டும் அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். நீளம் 12 அடி, அகலம் ஐந்தடிக்கும் குறைவு, எடை ஏறக்குறைய 710 கிலோ.

காரை மாற்றுவது என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அகலமான டயரும் காது கிழிக்கும் சைலன்சரும்தான். அங்கேயும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. நான் சொல்ல வந்தது வேறொரு ரகத்தைப் பற்றி. தொழிற்சாலைக்காரன் காசு போதாமல் பாதியில் விட்டுவிட்டுப் போன வேலை எது என்று தேடிக் கண்டுபிடித்து, அதை அவன் சார்பில் முடித்துவைப்பது. ஸ்பிட்ஃபயரில் அப்படி விட்டுப்போன வேலை நிறைய. அதில் ஒன்று உயிரோடு விளையாடுவது.

பாடி செய்ய ஆள் இல்லை

கதை 1950களில், கவென்ட்ரி நகரத்தில் தொடங்குகிறது. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்குக் கார் பாடியைச் செய்துகொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. போட்டியாளன் வீட்டுக் கிணற்றில் எத்தனை நாள் தண்ணீர் இறைக்க முடியும்? அடுத்த சின்னக் காருக்கு முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத்தர ஆள் இல்லை என்ற நிலை வந்தது. மற்ற கம்பெனிகள் தனிச் சேசிஸை ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் வேறு வழியில்லாமல் பின்னோக்கி நடந்தது. கீழே தனிச் சேசிஸ், மேலே பல இடங்களில் செய்து வந்த பாடித் துண்டுகள், இரண்டையும் இணைக்கப் போல்ட்டுகள். இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி வரைந்து கொடுத்தார். 1959இல் அது ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது.

அந்த ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டு, அதன்மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடி ஒன்றை அதே மிக்கெலோட்டி வரைந்தார். மாதிரி வண்டியும் தயாரானது. அதற்குள் கம்பெனியின் கஜானா காலி. வண்டியைத் துணி போட்டு மூடி ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961இல் லாரி செய்யும் லேலண்டு நிறுவனம் கம்பெனியை வாங்கியது. புதிய முதலாளிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, துணிக்கு அடியில் என்ன என்று தூக்கிப் பார்த்து, இதைச் செய்யலாமே என்றார்கள். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் அறிமுகமானது. போர் விமானத்தின் பெயரை வைத்துக்கொண்டு, 1147 சி.சி. எஞ்சினில் 63 குதிரைச் சக்தி. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

வேறு வழியில்லாமல் செய்த தனிச் சேசிஸ்தான் இன்றைக்கு வீட்டு கராஜ்காரர்களுக்கு வரம். போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். நாலைந்து நண்பர்களைக் கூப்பிட்டால் கையாலேயே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். மதியச் சாப்பாடு போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

காலை எடுத்தால் கவிழும்

விட்டுப்போன வேலைக்கு வருகிறேன். அது பின்சக்கரத்தில் இருக்கிறது.

நம் அம்பாசடரில் பின்னச்சு ஒரே கட்டை. இடச்சக்கரம் கல்லில் ஏறினால் வலச்சக்கரமும் சாயும். ஹெரால்டில் அப்படி இல்லாமல் இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும் என்று நினைத்தார்கள். சின்ன பட்ஜெட் காருக்கு அது பெரிய ஆசை. நடுவே டிஃபரன்ஷியலைச் சேசிஸோடு இறுக்கிவிட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அச்சு. அந்த அச்சின் உள்முனையில் மட்டும் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட். வெளிமுனையில் சக்கரம் அச்சோடு அசையாமல் செங்குத்தாக நிற்கும். மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை. இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் அந்தக்கால போர்ஷேயிலும் இதே ஏற்பாடுதான். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயம் தாக்கிய ஷெவர்லே கோர்வேர் காரிலும் இதுதான்.

வெளிமுனையில் இன்னொரு ஜாயின்ட் இல்லாததுதான் வினை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். தோளிலிருந்து கை கீழே இறங்க இறங்க, உள்ளங்கை உடம்பை நோக்கி மடங்கும். சக்கரமும் அப்படித்தான். காரின் பின்பாகம் தூக்கினால் சக்கரத்தின் கீழ்ப்பாகம் உள்ளே மடங்கும். அப்போது டயரின் முழு அகலமும் ரோட்டைத் தொடாது, ஒரு விளிம்புதான் தொடும்.

பின்பாகம் எப்போது தூக்கும்? வளைவில் வேகமாகப் போகிறீர்கள். எதிரே ஏதோ வருகிறது. பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். எடை முன்னால் பாயும், பின்பாகம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், பிடி விட்டுப்போகும், கார் பம்பரமாகச் சுற்றும். எந்த நிதானமான ஓட்டுநரும் ஆபத்தைப் பார்த்தால் செய்கிற முதல் காரியம் காலை எடுப்பது. இந்தக் காரில் அதுவே ஆபத்து. ஹெரால்டு போன்ற குடும்பக் காரில் இது அடிக்கடி வெளிப்படவில்லை. அதே அச்சை எடுத்துக் குட்டையான ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்டால் என்ன ஆகும்? 1966இல் இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஜி.டி.6 என்று இதன் தம்பி ஒருவன் வந்தபோது விமர்சகர்கள் விட்டுவைக்கவில்லை.

கம்பெனிக்குத் தெரியாமலில்லை. 1968இல் ஜி.டி.6க்குக் கீழே ஒரு கூடுதல் கையும், அச்சின் நடுவே ரொட்டிபோலத் தடித்த ரப்பர் வளையமும் வைத்து ஒழுங்கான தீர்வு கொடுத்தார்கள். ஸ்பிட்ஃபயருக்கு 1970இல், நான்காம் மாடலில், மலிவான தீர்வு ஒன்று வந்தது. அதைத்தான் நான் இந்தக் காரின் மிக அழகான பொறியியல் என்பேன். ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் பட்டைகளில் ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கினார்கள். மற்றவை நடுவே தராசுக் கோல்போல ஊசலாடும்படி விட்டார்கள். சுமையை எல்லாப் பட்டைகளும் சேர்ந்து தாங்கும். ஆனால் வளைவில் கார் சாயும்போது எதிர்ப்பது அந்த ஒரு பட்டை மட்டும். பின்பக்கம் இளகிக் கொடுத்தது, முன்பக்கத்தில் தடித்த கம்பி ஒன்று சாய்வைப் பிடித்துக்கொண்டது, உள்மடங்கல் பெருமளவு அடங்கியது. கூடுதலாக ஒரு ஜாயின்ட்கூட வாங்கவில்லை.

1962 முதல் 1970 வரை வந்த ஸ்பிட்ஃபயர் ஒன்று உங்கள் கராஜில் நின்றால், செய்ய வேண்டிய முதல் மாற்றம் இதுதான். பிந்தைய மாடலின் ஊசல் ஸ்பிரிங்கையும் முன்பக்கத்துத் தடித்த கம்பியையும் சேர்த்தே மாட்டுவது. ஒன்றை மாட்டி மற்றதை விட்டால் பாதி வேலை. காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் வெளியிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பாராட்ட மாட்டார். ஆனால் 1962இல் பட்ஜெட் கிடைத்திருந்தால் பொறியாளர்கள் எதைச் செய்திருப்பார்களோ அதைச் செய்திருப்பீர்கள்.

இன்னும் போக நினைப்பவர்கள் ஜி.டி.6இன் ரப்பர் வளைய அச்சையே கொண்டுவந்து பூட்டுகிறார்கள். புது வளையத்தை இரும்புப் பட்டி கட்டி இறுக்கித்தான் விற்பார்கள். மாட்டிய பிறகு பட்டியை வெட்டி எடுக்க வேண்டும். முன்னாலேயே வெட்டினால் வளையம் விரிந்துகொண்டு எந்தத் துளையும் எந்தத் துளையோடும் சேராது. ஒருமுறை அந்த அவசரத்தைக் காட்டியவர் மறுமுறை காட்ட மாட்டார். ரப்பர் சீக்கிரம் வெடித்துப்போகிறது என்பதால், இப்போது பலர் நவீன கார்களில் இருக்கும் சி.வி. ஜாயின்டுக்கு மாறிவிட்டார்கள்.

பின்சக்கர வேலையில் உண்மையான பரீட்சை ஹப்பைக் கழற்றுவது. கூம்பாகச் சரிந்த அச்சின் மேல் அது இறுகி உட்கார்ந்திருக்கும், ஐம்பது வருடத் துருவும் சேர்ந்து. சாதாரண புல்லர் அதன்முன் வளைந்துபோகும். அதற்கென்றே செய்த கனத்த புல்லர் ஒன்று தேவை. அதை முறுக்கி, சுத்தியலால் தட்டி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவைத்தால், சில சமயம் நடுநிசியில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்கும். ஹப் வந்துவிட்டது என்று அர்த்தம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டாண்டு வைத்த பிறகும் காரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே விட வேண்டும்.

வண்டலூர் எடுத்த முடிவு

இதே பின்னச்சு சென்னைக்கும் வந்தது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் ஹெரால்டைச் செய்தது. போல்ட் போட்டுப் பூட்டும் கார் என்பதால் தூர தேசத்தில் கூட்டுவது சுலபம். பிற்பாடு நான்கு கதவு ஹெரால்டு ஒன்றையும் செய்தார்கள். இங்கிலாந்தில் அது கிடையாது, இங்கே மட்டும்தான்.

எங்கள் தெருவில் ஒரு ஹெரால்டு இருந்தது. முழு பானெட்டும் கவிழ்ந்து திறக்கிற அந்தக் காட்சிக்காகவே பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் நிற்போம். பின்சக்கரங்கள் இரண்டும் ஆளில்லாதபோது ஒரு மாதிரி, ஆள் ஏறினால் ஒரு மாதிரி நிற்கும். “வண்டிக்குக் காலு வளைஞ்சிருக்குடா” என்பான் ஒருவன். அது ஸ்விங் ஆக்ஸில் என்று தெரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

நம் ஊர் ரோட்டில் நம் ஊர் சுமையோடு ஓடிய அந்த அச்சு, உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. கவென்ட்ரி ஸ்பிரிங்கை ஊசலாட விட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தபோது, வண்டலூர் வேறு முடிவு எடுத்தது. 1972இல் ஹெரால்டின் வாரிசாக வந்த ஸ்டாண்டர்டு கெசலில் ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டுப் பழையபடி ஒற்றைக்கட்டைப் பின்னச்சு வைத்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் ரசிகனுக்கு இது பின்னடைவு. குண்டும் குழியுமான ரோட்டில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இது விவேகம். இரண்டையும் மாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த ரோடு என்பதைப் பொறுத்தது.

இன்னொரு உறவும் உண்டு. ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற எளிய காருக்காக 803 சி.சி.யில் பிறந்தது. அதையே 948, 1147, 1296 என்று பெருக்கி, கடைசியில் 1493 சி.சி. வரை இழுத்தார்கள். நம் ஹெரால்டிலும் கெசலிலும் இருந்தது அந்த 948. எஞ்சின் ஏறக்குறைய இரட்டிப்பானபோதும் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றோடு நின்றுவிட்டது. அதனால்தான் கராஜ்காரர்கள் பலர் 1500ஐவிட 1300ஐ மதிக்கிறார்கள். 1500 கீழ்வேகத்தில் நன்றாக இழுக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டினால் பேரிங் அழும். 1300 சுற்ற ஆசைப்படும் எஞ்சின்.

பணத்தை எங்கே போடுவது

எஞ்சினில் கை வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டலாம், கேம் ஷாஃப்டை மாற்றலாம், இரட்டை வெபர் கார்புரேட்டர் வைக்கலாம். கம்பெனியே அதற்கு வழி காட்டியது. 1965 லெ மான் 24 மணி நேரப் போட்டியில் ஸ்பிட்ஃபயர்கள் தங்கள் வகுப்பில் முதல் இரண்டு இடத்தையும் பிடித்தன. அமெரிக்காவில் ட்ரையம்ஃபின் போட்டிப் பிரிவை நடத்திய காஸ் காஸ்ட்னர், காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது எப்படி என்று கையேடுகளே எழுதி வெளியிட்டார். சாதாரண உரிமையாளர் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் செய்யலாம்.

ஆனாலும் என் வரிசை வேறு. முதலில் பின்சக்கரம். அடுத்து பிரேக். உறவினர்களான விட்டெஸ், ஜி.டி.6 கார்களின் பெரிய டிஸ்க்கும் கேலிப்பரும் ஸ்பிட்ஃபயரின் முன்பக்கத்தில் ஏறும். இந்தக் குடும்பத்தில் ஒருவன் சட்டை இன்னொருவனுக்குப் பொருந்துவது அதிசயமில்லை, எல்லாம் ஒரே சேசிஸின் பிள்ளைகள். அதற்கப்புறம் ஓவர்டிரைவ். கியர் லீவரின் தலையில் ஒரு சுவிட்ச், அதைத் தள்ளினால் எஞ்சின் நிதானமாகும். மூன்று பேரிங் எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. குதிரைச் சக்தி கடைசியில்.

ஜி.டி.6இன் ஆறு சிலிண்டர் எஞ்சினையே ஸ்பிட்ஃபயரில் இறக்கும் வழக்கமும் இருக்கிறது. கேட்க அருமையான சத்தம். ஆனால் நீளமான இரும்பு எஞ்சின் மூக்கில் ஏறியதும் அந்தக் காரின் முன்பக்க லேசு போய்விடுகிறது. ஸ்பிட்ஃபயரை எடுத்து இன்னொரு ஜி.டி.6 செய்வதற்கு இவ்வளவு வேலையா என்று எனக்குத் தோன்றும். செய்தவர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே கிராங்க்கைத் தடுத்து நிறுத்தும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. விட்டால் அவை நழுவி ஆயில் சம்பில் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே அரைத்துத் தின்னும். சின்ன வாஷருக்குப் போடாத காசு, பெரிய எஞ்சினுக்குப் போகும்.

இன்னொரு வில்லங்கம் முன்சக்கரத்தின் கீழே. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை, பித்தளை போன்ற ட்ரனியன் என்ற துண்டுக்குள் மரையாக உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது போல்ட் நட்டுக்குள் சுற்றுவதுபோல் அது சுற்றும். இதற்குக் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. மெக்கானிக் கை சும்மா இருக்குமா? நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுத்து அடித்துவிடும். கிரீஸ் காலப்போக்கில் மெழுகாக இறுகும், ஓரத்தில் தண்ணீர் தேங்கும், தண்டு உள்ளே துருப்பிடிக்கும். ஒருநாள் கார் நிறுத்தும் இடத்தில் முழு ஸ்டீயரிங் திருப்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் படுத்துவிடும். மெதுவாகப் போகும்போது ஒடிந்தால் அதிர்ஷ்டம். லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் இதே ட்ரையம்ஃப் உறுப்பைத்தான் கடன் வாங்கியது. கிரீஸா ஆயிலா என்ற சண்டை ஐம்பது வருடமாக நடக்கிறது. ட்ரனியனே இல்லாத மாற்று உறுப்பு இப்போது விற்கிறார்கள். வருடத்துக்கு இரண்டுமுறை ஆயில் ஊற்றும் சிரமத்தைத் தவிர்க்க அவ்வளவு செலவா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

பிரிட்டன் ரோட்டில் பனிக்காலத்தில் உப்பு தூவுவார்கள். அதனால் அங்கே பழைய கார் வைத்திருப்பவருக்கு எஞ்சினைவிடப் பெரிய எதிரி துரு. ஸ்பிட்ஃபயரில் தனிச் சேசிஸ் இருக்கிறதே, பாடி எப்படிப் போனால் என்ன என்று நினைத்துக் கதவுக்குக் கீழிருக்கும் சில்லை வெட்டிவிடக் கூடாது. ஹெரால்டிலிருந்து பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அவற்றின் வேலையைச் சுமப்பது அந்தச் சில்கள்தான். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளும் பாடியில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன, சேசிஸில் அல்ல. துருப்பிடித்த சில்லை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்யாவிட்டால், புதுச் சில் போட்ட பிறகு கதவு மூடாது. பாடி நடுவில் ஒரு சாண் வயிறு தள்ளியதுபோல் வளைந்து நிற்கும். அதைப் பட்டி போட்டு மறைத்து விற்றவர்களும் உண்டு. வாங்கியவர் கதவைத் தூக்கி மூடிக்கொண்டிருப்பார்.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் அங்கே 1999ஆம் ஆண்டோடு நின்றது. ஈயத்தின் மெத்தையில் உட்கார்ந்து பழகிய வால்வுகளுக்குக் கடினமான சீட் வைக்க வேண்டியதாயிற்று. 2021 செப்டம்பரில் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது, பழைய ரப்பர் குழாய்கள் நைந்தன. இங்கே இருபது சதவீதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு அந்தக் குழாய்க் கதை புதிதில்லை. கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எரிபொருள் குழாயை முதலில் மாற்றிவிடுவது நல்லது. இந்தச் செலவைத் தள்ளிப்போட்டால் தீயணைப்பு வண்டிதான்.

சட்டம் இரண்டு நாட்டிலும் இரண்டு மாதிரி யோசிக்கிறது. பிரிட்டனில் 2018 மே முதல், 40 ஆண்டு கடந்த கார் பெருமளவு மாற்றப்படாததாக இருந்தால் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. உரிமையாளரின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டிக்கு விண்டேஜ் பதிவும் ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனி எண்ணும் கிடைக்கும். சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 80களில் பெட்ரோல் விலைக்குப் பயந்து பழைய ஃபியட்டிலும் அம்பாசடரிலும் டீசல் எஞ்சின் இறக்கினார்களே, அவை இந்த வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்த டீசல் எஞ்சினும் ஒரு காலத்தின் வரலாறு என்று எனக்குப் படுகிறது. விதி அப்படிப் பார்க்கவில்லை.

செலவே இல்லாத ஒரு வேலை பாக்கி இருக்கிறது, கார்புரேட்டர் ட்யூனிங். ஸ்பிட்ஃபயரில் இருப்பவை இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்கள். எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்புக்கடைக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கார்புரேட்டர் இது. தொடக்க கால எஸ்.யு.வில் துருத்தியைத் தோலால் செய்தார்கள் என்பதில் ஆச்சரியமென்ன? இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் சீராக ஓடும். அதை அளக்கக் கருவிகள் உண்டு. பழைய ஆட்கள் ஒரு முழ ரப்பர் குழாயைத்தான் நம்புவார்கள். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்கும். குழாயை அடுத்த கார்புரேட்டருக்கு நகர்த்த வேண்டும். சத்தம் அதே சுருதிக்கு வரும்வரை திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்ப வேண்டும். வீணைக்குச் சுருதி சேர்ப்பவரைப் பார்த்திருந்தால் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

பிறகு கலவை. கார்புரேட்டரின் அடியில் சின்ன ஊசி ஒன்று இருக்கும். அதை விரலால் ஒரு மில்லிமீட்டர் மேலே தள்ளினால் உள்ளே பிஸ்டன் கொஞ்சம் எழும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இருமிக்கொண்டு தணிந்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி, பழைய இடத்துக்கே வந்து அமர்ந்தால் சரி. அதுவரை முன்டயரிலிருந்து எழுந்திருக்க வேண்டியதில்லை. எழுந்து பானெட்டை மூடும் முன், டயர் மேல் வைத்த ஸ்பானரை மட்டும் எடுத்துவிட வேண்டும்.